மஞ்சள் அறிவித்தலும் மருதையின் ஆடுகளும்

மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்றவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. பேனாவைத் தேடி எடுப்பதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிடுவான். நான் விருப்ப ஓய்வில் வந்தவன். யாருடைய விருப்பம் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பகல் முழுதும் வீட்டில் இருந்துகொண்டு மருந்துப் போத்தல் லேபல்களில் எழுத்துப் பிழை பார்க்கிற ஒருவனோடு காலம் தள்ளுவது தன்னுடைய விருப்பமல்ல என்று அவள் அடிக்கடி தெளிவுபடுத்துகிறாள்.

சுற்றறிக்கையை எப்படிப் பெயர்ப்பது, சட்டத்தில் கமாவை எங்கே வைப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அவதானம்.

பதவிக்கு வந்த புதிதில் எனக்கு அந்தச் சொல்மேல் காதலே இருந்தது. முதுகில் விழுகிற கற்களை எண்ணிக்கொண்டே, யாரோ கேட்ட வெண்பாவுக்கு ஈற்றடியும் கொடுத்து, நடுவில் சதுரங்கத்தில் காயும் நகர்த்துகிற அவதானிகளைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அவ்வளவு பெரிய வித்தையின் பெயரை எங்கள் துறை என்ன செய்தது? மின்கம்பத்தில் தொங்கவிட்டது. ஈரத் தரைக்கு முன்னால் நிறுத்தியது. நாயுள்ள வீட்டுக் கேட்டில் ஆணி அடித்தது. எங்கள் அலுவலகக் கழிவறைப் படியிலும் 'அவதானம்' என்று ஒரு பலகை இருந்தது. அதை எழுதியவன் நான். அந்தப் படியில் இரண்டு முறை வழுக்கி விழுந்தவனும் நான்.

ஒன்றின்மேல் மனத்தை நிறுத்துவதுதான் அவதானம் என்று அகராதி சொல்கிறது. எந்த ஒன்று என்று அகராதி சொல்லாது. அது அதன் வேலையும் அல்ல. அது யாருடைய வேலை என்பது எனக்கு ஒரு மழைநாளில், கேகாலை மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், நின்றபோதுதான் தெரிந்தது.

அரநாயக்கப் பக்கம் மலை இறங்கி ஊர்களை மூடிய பிறகு எங்கள் மாவட்டத்தில் யாரும் மழையை மழையாக மட்டும் பார்ப்பதில்லை. மண்சரிவு அறிவித்தல் மூன்று படிகளாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மஞ்சள் என்றால் அவதானம். அடுத்தது ஆயத்தம். சிவப்பு என்றால் வெளியேறு. அன்று காலை எங்கள் பிரிவுக்கு வந்தது மஞ்சள். சிங்களத்தில் வந்ததை வழக்கம்போலத் தமிழாக்கினேன்: 'மலைச்சரிவுகளை அண்டி வாழும் பொதுமக்கள் அவதானத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.' என்ன கம்பீரம் பாருங்கள். கேட்டுக்கொள்வது யார் என்றே கண்டுபிடிக்க முடியாது.

அலுவலக வாகனம் வெள்ளம் ஏறிய வீதிப் பக்கம் போயிருந்தது. பிரதேச செயலாளர், நாங்கள் மேடம் என்று அழைக்கிறவர், என்னைக் கூப்பிட்டுத் தோட்டத்துக்கு நானே போய்த் தமிழில் அறிவிக்கவேண்டும் என்றார். வாகனத்துக்கு நௌஷாட் நானாவின் த்ரீவீல் ஏற்பாடாகியிருந்தது. வரக்காப்பொலக்காரர். கூரையில் இரட்டை ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக மலிவுச் சாமான் விற்கிறவர்.

"நேத்து வரைக்கும் இதுல பெட்சீட் வித்தன் சேர்" என்றார் கிளம்பும்போது. "இண்டைக்கு அவதானம் விக்கப் போறோம். ஆக்கள் வாங்குவாங்களா?"

எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன் என்பது அந்நாள்வரை என் தொழில் விரதம். அதை நானாவிடம் விளக்கினேன். "அப்ப பேரம் பேச ஏலா" என்று தலையாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

தோட்டத்தின் மேல் லயம் ஒரு செங்குத்தான சரிவின் அடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் கீழே இன்னொரு லயம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர் மேட்டில், பள்ளிக்கூடம். மழைக்கு அன்று மலையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டதால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை குரலைக் கொஞ்சம் உருக்கமாகவும் வைத்துப் பார்த்தேன். ஒரு கதவு திறந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற ரெட்டுச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள். செல்வராணி என்று பெயர். கொழுந்தெடுக்கிற பெண்களின் சங்கத்தில் தலைவி என்பதைப் பிற்பாடு சொன்னாள். அவள் நின்ற நிலையிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டிருந்தது.

"சேர், நனையாம மேல ஏறுங்க. இது விடியக்காலயே சிங்களத்துல வாட்ஸ்அப்ல வந்திருச்சு. எல்லாரும் படிச்சிட்டோம்."

என் தமிழாக்கத்துக்குத் தேவையே இல்லாத வாசகர்கள். இப்படியான கட்டங்களில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நமக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதில்லை.

"அப்ப விளங்கிச்சு தானே?" என்றேன்.

"விளங்கிச்சு. அவதானமா இருக்கணும். இருக்கோம். இப்ப என்னா செய்யணும்?"

"அவதானமா இருக்கணும்."

"இருக்கோமே சேர்."

த்ரீவீலுக்குள்ளிருந்து நானா சிரிப்பது கேட்டது. செல்வராணி சிரிக்கவில்லை.

"கேலிக்குச் சொல்லல சேர். எதைப் பாக்கணும்னு சொல்லுங்க. மழையப் பாக்கவா, மலையப் பாக்கவா? பொறந்ததுலேருந்து இந்த மலையத்தான் பாக்குறோம். அது எங்களப் பாக்குது, நாங்க அதப் பாக்குறோம். ராவெல்லாம் முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா மலை நின்னுக்குமா?"

நியாயமான கேள்வி. அதைவிட மோசம், பதில் எனக்குத் தெரிந்திருந்தது. எந்த அறிகுறிகளைப் பார்க்கவேண்டும் என்று நிபுணர்கள் எழுதிய துண்டுப்பிரசுரம் ஒன்றை நானேதான் மொழிபெயர்த்திருந்தேன். அழகாக அச்சாகி, அலுவலக அலுமாரியில் மிக அவதானமாகப் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. நினைவிலிருந்ததை, அச்சுத் தமிழை உதறிவிட்டுச் சொன்னேன்.

"சுவர்ல, நிலத்துல புதுசா வெடிப்பு வருதான்னு பாருங்க. நேத்து லேசா சாத்துன கதவு இன்னிக்கி இறுகுதான்னு பாருங்க. மேல நிக்கிற மரம், லைட் போஸ்ட் சாயுதா. பீலித் தண்ணி கலங்கி வருதா, இல்லாட்டி திடீர்னு நிக்குதா. இதுல ஒன்னக் கண்டாலும் சொல்லணும்."

அவ்வளவுதான். செல்வராணி திரும்பி லயத்தைப் பார்த்து வேலை பிரித்தாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி.

"காமாட்சி, நீ பீலியப் பாரு. ராமாயி வீட்டாளுக பின்சுவரு. கடைசிக் காம்பரா வீட்டுக்காரங்க, நீங்க போஸ்ட்டு. கதவெல்லாம் அவங்கவங்க பாருங்க."

"எங்க வீட்டுக் கதவு நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இறுகித்தான் இருக்கு" என்றது ஒரு குரல்.

"அது மாமியாரு புடிச்சிக்கிட்டு நிக்கிற கதவு. அத விட்டுட்டு வேறயப் பாரு."

லயம் முழுவதும் சிரித்தது. ஆனால் ஆட்கள் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தர் சுவரைத் தடவினார். ஒருத்தர் போஸ்ட்டுக்கு நேரே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூன்று முறை மைக்கில் கத்தியும் வராத அவதானம், எதை என்று சொன்னவுடனே குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. எனக்கு ஒரு பிளேன்டீ தந்தார்கள். நல்ல வேலை செய்த திருப்தியோடு குடித்தேன். பாதிக் கோப்பைதான் குடித்திருப்பேன்.

"செல்வராணியக்கா! பீலி நின்னுபோச்சு!"

காமாட்சியின் குரல். சிரிப்பு நின்றது.

பீலி என்பது மலையிலிருந்து வரும் ஊற்றுநீரைக் குழாய்வழி கொண்டுவந்து லயத்தின் ஓரத்தில் விடுகிற இடம். கோடையிலும் நூலாகவாவது ஓடும் என்றார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது, ஊரே நனைகிற அந்த மழையில், குழாயின் வாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் விழ யோசித்தது.

"பைப் அடச்சீக்கும்" என்றார் நானா. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

செல்வராணி குழாயின் வழியே மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். "அடைப்பு இல்ல. ஊத்தே வரல" என்றாள்.

வானம் கொட்டுகிற தண்ணீர் கீழே வரவில்லை என்றால் எங்கே இருக்கிறது? மலைக்குள்ளே. இதைப் புரிந்துகொள்ள நிபுணர் தேவையில்லை. ஆனால் அறிவித்தலின் நிறத்தை மாற்ற நிபுணர் தேவை. மேடத்துக்குப் போன் எடுத்தேன். சிக்னல் வந்து வந்து போனது. லயத்துக் கோடியில், பரல் என்கிற ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயின் மேல் ஏறி நின்றால் கிடைக்கும் என்று காட்டித் தந்தார்கள். ஏறினேன். அரசாங்கத்தின் பிரதிநிதியாக நான் நின்ற இடங்களில் அதுதான் மிக உயரமானது.

மேடம் முழுவதையும் கேட்டார். மண்சரிவு நிபுணர்களிடம் உடனே பேசுவதாகவும், அவர்கள் சொல்லாமல் தன்னால் சிவப்பு என்று அறிவிக்க முடியாது என்றும் சொன்னார். பிறகு, "நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பரலின் மேல் நின்றபடி நான் யோசித்ததை மறைக்காமல் சொல்கிறேன். மலையைப் பற்றி யோசிக்கவில்லை. வெளியேறச் சொல்லி எதுவும் நடக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். விசாரணை வந்தால், மூலத்தில் இல்லாத வாக்கியத்தை எந்த அதிகாரத்தில் சேர்த்தாய் என்ற கேள்விக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று யோசித்தேன். அந்தப் பதிலுக்கு நல்ல தமிழ்கூட மனத்தில் ஓடியது. கீழே குனிந்தபோது செல்வராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குச் சொன்னவன் நான். அவள் பார்த்துச் சொல்லியும்விட்டாள். இனி என் முறை.

இறங்கிப் போய் மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் வெளிய வாங்க. பீலி நின்னுபோச்சு, மலை தண்ணியக் குடிச்சிக்கிட்டு நிக்குது. சாமான் சட்டு எடுக்காதீங்க, மருந்து மட்டும் எடுத்துக்குங்க. இஸ்கூலுக்குப் போவோம். கீழ் லயமும் வாங்க."

தொழில் விரதம் அத்தோடு முடிந்தது. மேல் லயத்து ஆட்கள் பீலியைக் கண்ணால் பார்த்திருந்ததால் கிளம்பிவிட்டார்கள். கீழ் லயத்தில் சில கதவுகள் திறந்தன, பல திறக்கவில்லை. மேல் லயத்திலும் ஒரு கதவில் சிக்கல். வாசலில் ஒருவர் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஆடும் ஒரு குட்டியும். செல்வராணி அவர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுடைய புருஷன் மருதை.

"வரப்போறியா இல்லியா?"

"நான் வரல. நீ போ."

"கவுர்மெண்டு மாத்தயாவே சொல்றாரு."

"போன மாரியிலயும் ஒரு மாத்தயா சொன்னாரு. போனோம். மலையும் வரல, மண்ணும் வரல. திரும்பி வந்து பாத்தா கெடாவக் காணோம். யாரு குடுத்தா? மாத்தயா குடுத்தாரா?" பிறகு என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க சேர். பீலி நிக்கும், வரும். ஆடு போனா வராது."

"உசுரு போனா வருமா?" என்றாள் செல்வராணி.

"எனக்கு ஒன்னும் ஆகாது. நீ போ."

"நீ இல்லாம நான் எங்க போறது? நானும் ஒக்கார்றேன்." உட்கார்ந்தேவிட்டாள், அவருக்குப் பக்கத்தில், ஈரத்தில். "வரட்டும். ரெண்டு பேரையும் சேத்து மூடட்டும்."

இத்தனை நேரம் லயத்தையே நடத்தியவள் அவள். இப்போது அவள் முகத்தில் பிடிவாதம் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பின்சுவரைப் பார்க்கப் போயிருந்தவர் போகிற போக்கில், "வெடிச்சிருச்சுங்க, கை நொழையிற மாதிரி" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் மருதையிடம் பேசினேன். நிலைமை பாரதூரமானது என்றேன். அனர்த்தம் என்றேன். பாதுகாப்பு என்றேன். கையிலிருந்த சொற்களையெல்லாம் செலவழித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ஆட்டுக் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அந்தச் சுற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதரை அவதானம் இல்லாதவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த லயத்திலேயே அவரைவிட அவதானமான ஆள் கிடையாது. அவர் கண் ஆடுகள்மேல் இருந்தது, ஒரு நொடிகூட விலகாமல். மலையைப் பார் என்றால் எப்படிப் பார்ப்பார்?

"நானா, வண்டிய இங்க கிட்ட எடுங்க" என்றேன்.

"என்னத்துக்கு சேர்?"

"ஆட்டை ஏத்துறதுக்கு."

நானா என்னைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். "பிஸ்ஸுவா சேர், பைத்தியமா? சீட்டு கவர் புதுசு!"

"கவருக்கு நான் பொறுப்பு."

"ஆட்டுக்கு?" என்றார் மருதை, முதன்முறையாக என் பக்கம் முழுதாகத் திரும்பி.

"ஆட்டுக்கும் நான் பொறுப்பு. நீங்க கூடவே நடந்து வாங்க. இஸ்கூல் வராந்தாவிலேருந்து ஒங்க கதவு தெரியும். அங்க நின்னு கதவையும் பாத்துக்கலாம்."

மருதை எழுந்தார். செல்வராணி அவரை முந்திக்கொண்டு எழுந்தாள்.

ஆடு த்ரீவீலில் ஏற விரும்பாது என்பதை நீங்கள் அனுபவத்தில் அறியவேண்டியதில்லை, நான் சொல்கிறேன். இரண்டைப் பின்சீட்டில் திணித்தோம். குட்டி என் மடியில் வந்தது. மைக்கை அணைக்காமல் சீட்டில் வைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தவுடன் ராசாத்தி என்ற பெரிய ஆடு மைக்குக்கு நேரே வாயை வைத்து, உயிரே போகிற மாதிரி ஒரு குரல் கொடுத்தது. இரட்டை ஒலிபெருக்கி அதை எடுத்து மலைக்கு மலை எறிந்தது.

"மே…ஏ…ஏ!"

கீழ் லயத்தில் அதுவரை திறக்காத கதவுகள் எல்லாம் திறந்தன. அரசாங்கம் இப்போது என்ன அறிவிக்கிறது என்று பார்க்க ஆட்கள் வெளியே வந்தார்கள். மழையில் ஒரு த்ரீவீல், அதில் ஆடுகள், குட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி போட்ட உத்தியோகத்தர் ஒருவர், பின்னால் ஓடிவரும் மருதை. சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

"மருதையண்ணனே ஆட்டோட போறாருடி! அப்ப நெசமாத்தான் இருக்கும். வாங்க, வாங்க!"

போன மாரியில் கடாவைத் தொலைத்த கதை அந்தத் தோட்டம் முழுவதற்கும் தெரியும். மருதை ஆட்டைக் கிளப்புகிறார் என்றால் அதற்குமேல் அவர்களுக்கு அத்தாட்சி வேண்டியதில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டு எங்கள் பின்னாலேயே மேட்டில் ஏறினார்கள். பணிக்காலம் முழுவதும் நான் பெயர்த்தவற்றில் மக்களிடம் உடனடியாகச் சென்றடைந்தது எது என்று யாராவது கேட்டால், அது என்னுடையது அல்ல என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்தோம். செல்வராணி வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லா வீடும் பதில் சொன்னது. பிறகு உட்கார்ந்திருந்தோம். மழை பெய்தது. ஒன்றும் நடக்கவில்லை.

காத்திருப்பில் சிரிப்பு மெல்ல முணுமுணுப்பாக மாறியது. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தவள் ஒருத்தி அதைச் சொன்னாள். இன்னொருவர் டீவியை அணைக்காமல் வந்ததைச் சொன்னார். "போன தடவ மாதிரித்தான்" என்று மூலையில் ஒரு குரல். மருதை வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு எதிரே லயத்தைப் பார்த்தபடி நின்றார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் திரும்பாமல் இருந்தது, திரும்பி ஏதாவது சொல்லியிருந்தால் பட்டிருக்கக்கூடியதைவிட அதிகமாக எனக்குப் பட்டது. ஒரு கணம், கொஞ்சமாவது இறங்கித் தொலையேன் என்று நான் மலையிடம் கேட்டேன். அந்தக் கணத்தை எந்த மொழியிலும் பெயர்க்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது நிற்கவில்லை. தரை காலுக்கடியில் லேசாக நடுங்கியது. எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினோம். எதிரே, மேல் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவு, மரங்கள் நின்ற நிலையிலேயே, ஒரு பெரிய மிருகம் குந்துகிற மாதிரி கீழே உட்கார்ந்தது. பீலியைக் காணோம். பின்பக்கத்துக் குசினிகளைக் காணோம். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், முன்வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மண் வெளியே வந்தது.

"சேர்" என்றார் மருதை. குரல் ஒரு பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "என் கதவுலேருந்து மண்ணு வருது சேர்."

அவர் கால்நீட்டி உட்கார்ந்திருந்த வாசல். அப்புறம் செல்வராணி பின்னாலிருந்து வந்து, கையிலிருந்த ஈரத் துண்டால் அவர் முதுகில் ஒரு அடி போட்டாள். இன்னொரு அடி.

"ஒக்காந்திருப்பியா? ஒக்காந்திருப்பியா அங்க?"

"அதான் வந்துட்டேன்ல."

"ஆட்டுக்குத்தான வந்த! நான் கத்துனதுக்கு வந்தியா?"

"சரி, ஆட்டுக்குத்தான் வந்தேன். வந்துட்டேன்ல? அடிக்காத, ஆளுக பாக்குறாங்க."

"பாக்கட்டும்!" என்று மூன்றாவது அடியும் போட்டுவிட்டு, அதே துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பாகிவிட்டது. அதற்கப்புறம் மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. ஒரு பிள்ளைகள் கதிரையில், முழங்கால் தாடையில் இடிக்க, உட்கார்ந்துகொண்டேன்.

போன் அடித்தது. மேடம். நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள், சிவப்பு அறிவித்தலை இப்போதுதான் அனுப்பியிருக்கிறேன், உடனே தமிழாக்கி மக்களுக்குச் சொல்லுங்கள் என்றார். லயத்தில் இன்னும் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று கேட்டார். யாரும் இல்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்தில், மலை இறங்கிவிட்டது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். அவர், "போஹோம ஸ்துதி" என்று சிங்களத்தில் மெல்ல நன்றி சொன்னார். மூலம் வருவதற்கு முன்பே மொழிபெயர்ப்பு வெளியாகிவிட்ட ஒரே சந்தர்ப்பம் என் பணிக்காலத்தில் அதுதான்.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் சுற்றறிக்கைகளில் சொந்த வாக்கியம் சேர்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். 'அவதானம்' என்று எழுதக் கை போகும்போது ஒரு கணம் நிறுத்தி, எதை என்று கேளுங்கள். வாசிக்கிறவர் கண் இப்போது எதன்மேல் இருக்கிறது என்றும் கேளுங்கள். யாருடைய கண்ணும் சும்மா இருப்பதில்லை. பிற்பாடு மேடத்திடம் இதைச் சொன்னேன். பார்க்கவேண்டிய அறிகுறிகளைத் தமிழில் மட்டும் ஏன், சிங்களத்திலேயே முதலில் சேர்ப்போம் என்றார். அலுமாரியும் திறக்கப்பட்டது.

அந்த மதியத்தை முடித்துவிடுகிறேன். தோட்ட நிர்வாகத்திடமிருந்து பெரிய சட்டியில் சோறும் பருப்பும் வந்தது. சாப்பிட்ட பிறகு, பல நாள் மழையில் சரியாகத் தூங்காத அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே சாய்ந்தார்கள். செல்வராணி பாயில்லாத தரையில், மருதை அவள் காலடியில் வாயைத் திறந்துகொண்டு. கயிற்றை விட்டுவிட்டார். நௌஷாட் நானா கெட்டுப்போன சீட்டு கவரிலேயே சுருண்டு படுத்துவிட்டார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் எதையும் கவனிக்காமல் இருந்த ஒரு மண்டபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ராசாத்தி மட்டும் விழித்திருந்தது. ஏதோ விழாவுக்குப் பிள்ளைகள் கட்டிவிட்டுப் போன கலர்க் கடதாசித் தோரணத்தை ஒரு முனையிலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டு போனது. பச்சையை முடித்து மஞ்சளுக்கு வந்தபோது நான் பார்த்தேன். எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். சுவரில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நானும் கண்ணை மூடினேன்.